சக மாணவரின் இலக்கியக் கட்டுரையைப் படித்துத் திருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"கொஞ்சம் பார்த்துக் கொடேன்" என்று நண்பர் தன் திறனாய்வுக் கட்டுரையை நீட்டினால், பெரும்பாலோர் முதலில் செய்வது ஒற்றுப்பிழைகளைச் சுழிப்பதுதான். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எழுதியவரும் சுழித்த இடங்களை மட்டும் சரிசெய்து ஒப்படைத்துவிடுவார். கடைசியில் கையில் இருப்பது பிழையே இல்லாத, ஆனால் புதிதாக ஒன்றையும் சொல்லாத கட்டுரை.

இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. வாதம், சான்று, பத்திகளின் வரிசை ஆகியவற்றில் கை வைப்பது செப்பனிடுதல். எழுத்து, ஒற்று, நிறுத்தக்குறி, மேற்கோளின் வடிவம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது மெய்ப்புப் பார்த்தல். முன்னது முடியாமல் பின்னதைத் தொடக்கூடாது. நீக்கப்படப்போகும் பத்திக்கு ஒற்றுப் போடுவது வீண் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், பாடுபட்டுப் பிழை நீக்கிய வாக்கியத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது என்பது. முதலிலேயே மெய்ப்புப் பார்த்துவிட்டால் பலவீனமான பத்தியும் பளபளப்பாகிவிடும். பிறகு அதை அசைக்க முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திவிடலாம். உங்களைவிட உங்கள் ஆசிரியருக்கு அந்த நூல் நன்றாகத் தெரியும். அதனாலேயே கட்டுரையில் விட்டுப்போனதை அவர் மனத்துக்குள் நிரப்பிக்கொண்டு படித்துவிடக்கூடும். சக மாணவரால் அப்படி நிரப்ப முடியாது. அவர் மூலநூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டியிருக்கும். சக வாசிப்பின் பயனில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இலக்கணத்தில் கெட்டிக்காரராக இல்லாதவரும் நல்ல சக வாசகராக இருக்க முடிவதும் இதனால்தான்.

எழுதியவர் கொடுக்க வேண்டியவை

அரைகுறை வரைவைக் கொடுக்காதீர்கள். முடிவுரை எழுதாத கட்டுரையின் வாதம் எங்கே போகிறது என்று வாசகரால் சொல்ல முடியாது. வரிகளுக்கு இடையே இரட்டை இடைவெளி விடுங்கள். வலப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். வரி எண் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான சொற்செயலிகளில் அதற்கான வசதி இருக்கிறது. "மூன்றாம் பக்கத்தில் நடுவில் எங்கேயோ" என்று தேடுவதில் போகும் நேரத்தை "வரி 61" என்ற குறிப்பு மிச்சப்படுத்தும்.

கட்டுரையோடு ஆசிரியர் கொடுத்த கேள்வி, மூலப்பகுதியின் நகல், எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்ற குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும். மேலே இரண்டு கேள்விகளை எழுதுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "நான்காம் பத்தி முதல் பத்தியில் சொன்ன வாதத்தோடு சேர்கிறதா?" என்பது போல, உங்களுக்கே ஐயம் இருக்கும் இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

மூன்று பேர் கொண்ட குழு வசதியானது. ஒவ்வொருவரும் இரண்டு கட்டுரைகளைப் படிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கருத்துகள் கிடைக்கும். இரண்டு வாசகர்களும் ஒரே இடத்தில் தடுக்கினால் பிழை கட்டுரையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 1000 சொல் கட்டுரை ஒன்றுக்கு 45 நிமிடமாவது ஒதுக்குங்கள். இருபது நிமிடத்தில் செய்தால் ஒற்றுப்பிழை மட்டுமே கண்ணில் படும்.

படி 1: பேனா இல்லாமல் ஒரு வாசிப்பு

கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படியுங்கள். முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்பதை நினைவிலிருந்து ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் அதுதான் உங்கள் முதல் குறிப்பு. எழுத முடிந்து, கட்டுரையாளரின் முதல் பத்தி வேறொன்றைச் சொன்னால் அது இன்னும் பயனுள்ள குறிப்பு. எழுதும்போது அவருடைய சிந்தனை நகர்ந்துவிட்டது, முன்னுரை பழைய இடத்திலேயே நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் உண்மையான வாதம் முடிவுரையில்தான் முதன்முதலாக எட்டிப்பார்க்கும். அதை முன்னுரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

படி 2: மையவாதம் வாதம்தானா?

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். குறுந்தொகையின் 40ஆம் பாடல், செம்புலப்பெயனீரார் பாடியது, ஐந்தே அடிகள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

தலைவன் தலைவியிடம் சொல்வது இது: என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர், நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம்? செம்மண்ணில் பெய்த மழைநீர் போல அன்புள்ள நெஞ்சங்கள் கலந்துவிட்டன. இதைப் பற்றிய கட்டுரையின் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "இப்பாடல் காதலின் உயர்வை மிக அழகான உவமையால் எடுத்துரைக்கிறது." இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க இடமில்லாததை நிறுவவும் தேவையில்லை. பாடலைப் படிக்காதவர்கூட இந்த வாக்கியத்தை எழுதிவிடலாம். பெயரை மாற்றிவிட்டு வேறு நூறு பாடல்களுக்கும் பொருத்தலாம்.

அதே மாணவரின் இரண்டாம் வரைவு: "முதல் மூன்று அடிகளும் 'யாயும் ஞாயும்', 'எந்தையும் நுந்தையும்', 'யானும் நீயும்' என்று இரு தரப்பையும் தனித்தனியே நிறுத்துகின்றன. கடைசி அடியோ யாருடைய நெஞ்சம் என்று சொல்வதில்லை. உவமை வந்தபின் என்னுடையது, உன்னுடையது என்ற பிரிப்பே பாடலில் இல்லை." இதை ஒருவர் மறுக்கலாம், மூலத்தில் விரல் வைத்துக் காட்டலாம், பாடல் அதை *எப்படிச்* செய்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. மையவாதத்தைச் சோதிக்க இந்த மூன்றும் போதும். "அழகாக", "சிறப்பாக", "ஆழமாக" போன்ற சொற்களை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் எதுவும் இல்லையென்றால் அங்கே இருந்தது பாராட்டு மட்டுமே.

உங்களுக்கு அந்த வாதத்தோடு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். அது வேறு விஷயம். "நான் அப்படி நினைக்கவில்லை" என்பது திருத்தக் குறிப்பு ஆகாது. "மூன்றாம் அடி இதற்கு எதிராகப் போகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்றால் ஆகும்.

படி 3: பத்திக்கு ஒரு வரி

இப்போது பென்சிலை எடுக்கலாம். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன *சொல்கிறது* என்பதை ஏழெட்டுச் சொற்களில் எழுதுங்கள். "உவமையைப் பற்றி" என்று எழுதாதீர்கள், அது தலைப்பு. "உவமை இருவரின் பிரிப்பை அழிக்கிறது" என்று எழுதுங்கள். பிறகு அந்த வரிகளை மட்டும் தனித்தாளில் வரிசையாக எடுத்தெழுதினால் கட்டுரையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

அதில் இரண்டு வரிகள் ஒன்றையே சொன்னால் பத்திகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு பத்திக்கு இரண்டு வரி தேவைப்பட்டால் அதைப் பிரிக்க வேண்டும். ஒரு பத்தியை எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம் என்றால் அது மற்றவற்றோடு ஒட்டவில்லை. பாடலின் அடிகளையோ கதையின் நிகழ்ச்சிகளையோ அதே வரிசையில் பின்தொடரும் கட்டுரைகளில்தான் இந்தக் கோளாறு அதிகம். அங்கே பத்திகளை வரிசைப்படுத்துவது மூலநூலே தவிர எழுதுபவரின் வாதம் அல்ல. "முதல் அடியில்… இரண்டாம் அடியில்… அடுத்ததாக…" என்று பத்திகள் தொடங்கினால் உடனே சந்தேகப்படுங்கள்.

படி 4: மூன்று நிறம்

மூன்று நிறக்குச்சிகள் எடுத்துக்கொள்ளுங்கள். கதைச்சுருக்கம் அல்லது பொருளுரை வரும் வாக்கியங்களுக்கு ஒரு நிறம், நேர் மேற்கோளுக்கு இன்னொன்று, எழுதியவரின் சொந்த விளக்கத்துக்கு மூன்றாவது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை எழுதியவருக்கு ஒரே பார்வையில் காட்டிவிடும்.

சுருக்கத்தின் நிறம் பக்கம் முழுக்கப் பரவியிருந்தால் அது திறனாய்வு அல்ல, கதை சொல்லுதல். நல்ல பத்தியில் விளக்கம் மற்ற இரண்டையும் சேர்த்தாலும் அவற்றைவிட அதிகமாக இருக்கும், குறைந்தபட்சம் பாதி. மேற்கோளோடு முடியும் பத்திகளையும் கவனியுங்கள். மேற்கோள் தானே பேசிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதியவர் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். அந்த மேற்கோளுக்கு அடியில் "இதனால்?" என்று ஒரே சொல் எழுதி வையுங்கள்.

உரையாசிரியரின் பொருளுரையைச் சொல் மாற்றி எழுதி அதை விளக்கம் என்று நினைப்பது நம் மாணவர்களிடம் மிகப் பரவலான வழக்கம். "தலைவன் தலைவியிடம், நம் தாயர் ஒருவருக்கொருவர் யார் என்று வினவுகிறான்" என்பது பொருளுரை. நீளமாக இருப்பதால் அதற்கு விளக்கத்தின் நிறம் கொடுத்துவிடாதீர்கள்.

படி 5: மூலத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு சான்றும்

ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து எழுதிய மேற்கோளில் பிழை இருக்கும், அந்தப் பிழை வாதத்தையே கவிழ்த்துவிடும். மேலே உள்ள பாடலை "அன்புடை நெஞ்சங்கள்" என்று மேற்கோள் காட்டிவிட்டு, நெஞ்சம் ஒன்றானதைப் பற்றி அடுத்த வரியில் பேசும் கட்டுரையை நினைத்துப் பாருங்கள்.

மேற்கோள் சரியாக இருந்தாலும் அது சொல்லாததை அதன் தலையில் ஏற்றியிருக்கலாம். அதே மாணவர் நான்காம் பத்தியில் இப்படி எழுதுகிறார்: "'நெஞ்சம்' என்ற ஒருமைச் சொல்லே இரண்டும் ஒன்றாகிவிட்டதைக் காட்டுகிறது." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூலத்தில் அடுத்து வருவது "தாம் கலந்தனவே". *தாம்* பன்மை, *கலந்தன* பன்மை. ஆக இங்கே நெஞ்சம் என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பால்பகா அஃறிணைப் பெயர். ஒருமை என்று வாதிட வழியில்லை. சக வாசகர் எழுத வேண்டிய குறிப்பு இது:

"வரி 61: 'நெஞ்சம்' ஒருமை என்கிறாய். ஆனால் 'தாம்', 'கலந்தன' இரண்டும் பன்மை. உன் வாதத்துக்கு ஒருமை கட்டாயம் வேண்டுமா, 'என்', 'நின்' என்று எதுவும் வராததே போதுமா?"

குறிப்பு வாக்கியத்தைத் தள்ளச் சொல்லவில்லை, மாற்று வாக்கியத்தை எழுதிக் கொடுக்கவும் இல்லை. எழுதியவரை மூலத்துக்கே திருப்பி அனுப்பியது, அவ்வளவுதான். அதன்பின் அவர் எழுதும் வாக்கியம் இன்னும் நுட்பமாக இருக்கும். இரண்டு நெஞ்சங்கள்தான், ஆனால் எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி கலந்தவை. மழைநீரும் செம்மண்ணும் கலந்தபின் இருப்பதும் அப்படித்தானே.

பேசுபவர் யார் என்பதையும் இந்தப் படியிலேயே பாருங்கள். "கவிஞர் தன் காதலியிடம் கேட்கிறார்" என்று எழுதியிருந்தால் சுழியுங்கள். பாடியவர் புலவர், பேசுபவன் தலைவன். சிறுகதையிலும் நாவலிலும் ஆசிரியரையும் கதைசொல்லியையும் ஒன்றாக்குவது இதே பிழைதான். ஒரு பாத்திரம் கேலியாகச் சொன்னதை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் மேற்கோளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வாக்கியங்களையாவது மூலத்தில் படித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.

படி 6: குறிப்பு எழுதும் முறை

ஒரு கட்டுரைக்குப் பெரிய குறிப்புகள் ஐந்து முதல் ஏழு போதும். முப்பது குறிப்பு எழுதினால் எழுதியவர் எளிதான இருபத்தைந்தைச் செய்துவிட்டு, கடினமான ஐந்தையும் விட்டுவிடுவார். ஒவ்வொரு குறிப்பிலும் எந்த வரி, படிக்கும்போது உங்களுக்கு என்ன நேர்ந்தது, ஏன் என்பவை இருக்கட்டும். அதன்பின் ஒரு கேள்வியோ ஒரு யோசனையோ போதும். சில இணைகள்:

"தெளிவில்லை" என்பதற்குப் பதில்: "வரி 34இல் 'அது' எதைக் குறிக்கிறது? உவமையையா, மழையையா? இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன்."

"இன்னும் விரிவாக எழுது" என்பதற்குப் பதில்: "வரி 45–47இல் மூன்று வினாக்களைக் காட்டுகிறாய். ஏன் மூன்றும் வினாவாகவே இருக்கின்றன என்று எதிர்பார்த்தேன், சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டாய்."

"அருமை!" என்பதற்குப் பதில்: "வரி 22இல் 'உம்' மூன்று முறை இரட்டையாக வருவதைப் பிடித்திருக்கிறாய். கட்டுரையின் மிக வலுவான இடம் இது. முடிவுரையில் ஏன் இது திரும்ப வரவில்லை?"

பாராட்டிலும் வரி எண் இருக்க வேண்டும். எது வேலை செய்கிறது என்று தெரியாதவர் திருத்தும்போது நல்லதையும் சேர்த்து வெட்டிவிடுவார்.

செய்யக்கூடாதது ஒன்று: அவருக்காக வாக்கியங்களை எழுதிக் கொடுப்பது. அதன்பின் அது அவருடைய கட்டுரை அல்ல. ஒப்படைக்கும் இடத்திலும் அது நேர்மைக் கேள்வியாகிவிடும். எங்கே, ஏன் என்று காட்டுங்கள். எப்படி என்பது அவர் பாடு.

படி 7: பத்து நிமிடப் பேச்சு

குறிப்புகளைக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். முதல் ஐந்து நிமிடம் எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. "நான் சொல்ல வந்தது என்னவென்றால்…" என்று அவர் தொடங்கினால், "அதை அப்படியே எழுதிக்கொள், தாளில் அது இல்லை" என்று சொல்லுங்கள். வாயால் விளக்கும்போது வரும் வாக்கியம் பெரும்பாலும் கட்டுரையில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும்.

எழுதியவர் எல்லாக் குறிப்பையும் ஏற்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஏற்கிறேன்", "வேறு வழியில் தீர்க்கிறேன்", "ஏற்கவில்லை" என்று எழுதி, கடைசி வகைக்குக் காரணமும் ஒரு வரி எழுதட்டும். காரணம் எழுத முடியவில்லை என்றால் ஏற்பதே நல்லது. திருத்தும்போது மையவாதம், பத்தி வரிசை, சான்றும் விளக்கமும், முன்னுரையும் முடிவுரையும் என்ற வரிசையில் போகட்டும். முன்னுரையைக் கடைசியில் மறுபடி எழுதுவதே சரி. பழைய வரைவை அழிக்காமல் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 8: மெய்ப்பு, இன்னொரு நாளில்

ஒரு நாளாவது இடைவெளி விட்டபின் அச்செடுத்த தாளில் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை மட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேடினால் எதுவும் முழுதாகக் கிடைக்காது.

*வல்லின ஒற்று.* "பாடலைப் படித்தான்", "தலைவிக்குக் கூறினான்", "அந்தப் பாடல்", "எனக் கூறினான்" ஆகியவற்றில் மிகும். "என்று கூறினான்", "கூறிய பாடல்" ஆகியவற்றில் மிகாது. விட்டுப்போன ஒற்றைவிட, பயத்தில் கூடுதலாகப் போட்ட ஒற்றே இப்போது அதிகம். "கூறியப் பாடல்", "படித்தக் கவிதை" என்ற பெயரெச்சப் பிழைகளைத் தனியாகத் தேடுங்கள்.

*எண்ணும் மரியாதையும்.* "உவமைகள் வருகிறது", "ஒவ்வொரு பாடல்களும்" என்பவை வேகத்தில் எழுதும்போது எல்லாருக்கும் வரும். தலைவன் ஒரு வரியில் "கூறுகிறான்", அடுத்ததில் "கூறுகிறார்" என்று மாறியிருக்கும். காலமும் அப்படியே, நூலுக்குள் நடப்பதை நிகழ்காலத்தில் சொல்லத் தொடங்கினால் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும்.

*மயங்கொலி.* மனம்–மணம், அறம்–அரம், கரை–கறை, இரை–இறை. இணையின் இரண்டு சொற்களும் அகராதியில் இருப்பதால் எழுத்துப்பிழைத் திருத்தி இவற்றைக் கண்டுகொள்ளாது. வரிக்கு அடியில் ஒரு அளவுகோலை வைத்து, கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் நோக்கிப் பின்னோக்கிப் படித்தால் கருத்தின் ஓட்டத்தில் கண் வழுக்காது.

*தட்டச்சு.* "ௌ" வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக அடிக்கப்பட்டிருக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஐயம் வந்தால் சொல்லை அழித்துவிட்டு மறுபடி அடிப்பதே சுலபம்.

*மேற்கோளின் வடிவம்.* பழைய பாடல்களைச் சீர் பிரித்தும் சந்தி பிரித்தும் அச்சிடுவதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு. ஒன்றில் "பெயனீர்", இன்னொன்றில் "பெயல்நீர்". இரண்டும் சரி, ஒரே கட்டுரைக்குள் இரண்டும் வருவதுதான் தவறு. பாட எண், அடி எண் அல்லது பக்க எண், மேற்கோள் குறி திறந்து மூடியிருக்கிறதா என்பவற்றை மறுபடி பாருங்கள். பிழைத்திருத்தச் செயலி "யாரா கியரோ" போன்ற வடிவங்களுக்கு அடிக்கோடிட்டு மாற்றச் சொல்லும். மேற்கோளுக்குள் அது சொல்வது எதையும் ஏற்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் வாதத்தில் ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் ஓரத்தில் குறித்து எழுதியவரிடம் கொடுங்கள். அவர் அந்தப் பத்தியை மாற்றி எழுதினால், அந்தப் பத்திக்கு மட்டும் மெய்ப்பை முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் சேர்த்த வாக்கியங்களில்தான் பிழைகள் தப்பிப் போகின்றன.